தலை, வயிறு, வால்

கென்யாவில் கிட்டாலே வண்டி நிலையத்தில் சீட்டு எழுதுகிற நலியாகாவுக்கு வாசிப்பு என்பது வண்டிக் கணக்கு. எல்டோரட் போகிற வேன் நிரம்பினால்தான் கிளம்பும். நிரம்புகிற வரை அவளுக்குப் பெரிய வேலை இல்லை. முதல் ஆள் ஏறி உட்கார்வதற்கும் கடைசி ஆள் ஏறுவதற்கும் நடுவில் ஓர் அத்தியாயம் முடிந்துவிடும். மழை நாளென்றால் இரண்டு. ஆள் சேராத நாளில் நடத்துநர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பார்கள், இவள் மட்டும் தெம்பாக இருப்பாள். "உனக்கென்னக்கா, வண்டி போனா என்ன, போகாட்டி என்ன" என்று அவர்கள் குத்திக்காட்டுவதை அவள் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

நிலையத்து வாசலில் சாக்கு விரித்துப் பழைய புத்தகம் விற்கிறவனிடம்தான் வாங்குவாள். வாங்கிய கையோடு காக்கி அட்டை போட்டுவிடுவாள். முதுகு மடங்கக் கூடாது, முனையை மடிக்கக் கூடாது, சாப்பிட்ட கையால் தொடக் கூடாது. மொம்பாசா துறைமுகத்தில் வேலை பார்க்கிற புருஷன் லீவில் வந்திருந்தபோது, டீக் கோப்பையைப் புத்தகத்தின் மேல் வைத்துவிட்டு, வேலைக்குத் திரும்புகிற வரை பேச்சு வாங்கினான்.

இப்படிப்பட்டவளுக்குப் பிறந்த ஒரே மகள் சிதாவா புத்தகத்தைக் கண்டால் கொட்டாவி விடுவாள். பள்ளிப் பாடம் படிப்பாள், மார்க்கும் மோசமில்லை. ஆனால் கதைப் புத்தகம் கையில் கொடுத்தால் பத்து நிமிடத்தில் அது நெஞ்சின் மேல் கிடக்கும், அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். நலியாகாவுக்கு இது தீராத மனக்குறை. சரியான கதை ஒன்று சிக்கவேண்டியதுதான் பாக்கி, அப்புறம் பெண்ணைப் பிடிக்க முடியாது என்று நம்பினாள். பிள்ளை மாறிவிடும் என்கிற நம்பிக்கையை மட்டும் பெற்றவர்கள் சாகிறவரை விடுவதில்லை.

அதனால் ஒவ்வொரு பருவமும் பள்ளி திறக்கிற நாளில், விடுதிக்குக் கொண்டுபோகிற டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு புத்தகம் வைப்பாள். மாதவிலக்கு நாப்கின் பாக்கெட்டுகளுக்குக் கீழே வைப்பாள். வாசலில் பெட்டியைச் சோதிக்கிற காவலாளி அந்த இடத்தில் கை வைக்கக் கூச்சப்படுவான் என்பது எல்லாத் தாய்மாருக்கும் தெரியும்.

ஒளித்து வைக்கவேண்டிய காரணம், அந்தப் பள்ளியில் கதைப் புத்தகத்துக்குத் தடை. பாடத்தில் வைத்த கதைகளைத் தவிர மற்றது உள்ளே வரக் கூடாது. தடை கொண்டுவந்தது யார் தெரியுமா? பெற்றோர் கமிட்டி. அந்தக் கமிட்டியில் இருந்தது யார்? நம்முடைய நலியாகாவும்தான். போன வருஷம் பள்ளியின் சராசரி மார்க் இறங்கியபோது, "கதைதான் பிள்ளைங்களக் கெடுக்குது" என்று யாரோ சொன்னார்கள், எல்லார் கையும் மேலே போனது, இவள் கையும் போனது. கையைத் தூக்கியபோது அவள் நினைத்தது மற்றவர்கள் பெண்களை. தன் பெண் விஷயம் வேறு என்று அன்றைக்குச் சாயங்காலமே முடிவு செய்துகொண்டாள்.

புதன்கிழமை காலையில் பள்ளியிலிருந்து போன் வந்தது. உடனே வரவேண்டும் என்றார்கள், காரணம் சொல்லவில்லை. சீட்டுக் கட்டைப் பக்கத்துக் கவுண்டர்காரியிடம் கொடுத்துவிட்டு, அடுத்த வேனில் ஏறிப் போனாள்.

ஒழுங்கு விவகாரமெல்லாம் துணை முதல்வர் குவம்போகாவின் பொறுப்பு. அவர் அறையில் சிதாவா சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். போன விடுமுறையைவிட வளர்ந்திருந்தாள். மேஜை மேல் மூன்று காகிதக் கட்டுகள். ஒன்றில் கிழிந்த காக்கி அட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் நலியாகாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"உட்காருங்க, சிதாவா அம்மா" என்றார் குவம்போகா. "நேத்து மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்துல அடிதடி. ஒருத்தி உகாலிக் களித் தட்டத் தூக்கி இன்னொருத்தி மேல வீசிட்டா. எதுக்குன்னு கேளுங்க."

"எதுக்கு மேடம்?"

"கொலை பண்ணினது யாருன்னு அவ சொல்லிட்டாளாம்."

நலியாகாவுக்குப் புரியவில்லை. குவம்போகா விளக்கினார். தடை வந்த பிறகு பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். முழுப் புத்தகம் கண்ணில் படும், ஒளிக்க முடியாது. முதுகோடு கிழித்து மூன்றாகப் பிரித்துவிட்டால் கணக்கு நோட்டுக்குள் அடங்கிவிடும். ஒரே சமயத்தில் மூன்று பேர் படிக்கலாம். முதல் கட்டுக்குப் பெயர் தலை, நடுக் கட்டு வயிறு, கடைசி வால். தலையை முடித்தவள் வயிற்றுக்குக் காத்திருப்பாள், வயிற்றை முடித்தவள் வாலுக்கு. ஒழுங்காகத்தான் நடந்திருக்கிறது. இந்த முறை பொறுமையில்லாத ஒருத்தி வாலை முதலில் வாங்கிப் படித்துவிட்டு, வயிற்றில் இருந்தவளிடம் கொலைகாரன் யாரென்று சாப்பாட்டு வரிசையில் சொல்லிவிட்டாள்.

"கதையில செத்தவனுக்காக என் கூடத்துல ஒருத்திக்கு உதடு கிழிஞ்சிருக்கு" என்றார் குவம்போகா. "எல்லாரையும் விசாரிச்சா, புத்தகம் வந்தது உங்க பொண்ணுகிட்டேர்ந்து. கிழிச்சதும் இவதான். எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டா வாயத் திறக்கமாட்டேங்கிறா."

நலியாகா அந்தக் கட்டுகளை எடுத்துப் பார்த்தாள். பயத்தைவிட எரிச்சல்தான் வந்தது. அவள் ஒரு மாதம் தேடி வாங்கிய புத்தகம் அது. வால் கட்டைப் புரட்டியவள், தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதையே மறந்துவிட்டாள்.

"இதுல கடைசி அத்தியாயம் இல்லையே. படகுக்காரன் வந்து உண்மையச் சொல்றது எங்க? அத யாரு வச்சிருக்கா? அது இல்லாம டாக்டர்தான் கொன்னாருன்னு முடிவு பண்ணிட்டாளா அந்த மடச்சி?"

குவம்போகா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சிதாவா கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீங்க இதப் படிச்சிருக்கீங்களா?"

"எங்கயோ... எப்பவோ..." என்று நலியாகா இழுத்தாள்.

குவம்போகா அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. அவர் சந்தேகம் வேறு பக்கம் போயிருந்தது. "வேலிப் பக்கம் மோட்டார் பைக் பசங்க நிக்கிறாங்க. பிள்ளைங்களுக்குச் சாமான் குடுத்துட்டுப் போறாங்க. அவங்ககிட்டேர்ந்து வாங்கியிருந்தா, அது கதைப் புத்தகத்தோட நிக்கிற விஷயம் இல்ல. நிர்வாகக் குழுவுக்குப் போகும். மாற்றுச் சான்றிதழ் குடுத்து அனுப்பிடுவாங்க. உங்களுக்கே தெரியும், நீங்க கமிட்டி ஆளு."

பள்ளியைவிட்டு நீக்கப்பட்ட பெண்ணை மூன்றாம் படிவ வகுப்பின் நடுவில் எந்த நல்ல பள்ளியும் சேர்க்காது. சிதாவா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடுவாள். சொல்லவில்லை. கமிட்டியில் அம்மாவின் மானம் போய்விடும் என்று பிள்ளை வாயைக் கட்டிக்கொண்டு நிற்கிறது என்று நலியாகாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பாக வந்தது.

"பைக் பையனும் இல்ல, யாரும் இல்ல மேடம்" என்றாள். "நான்தான் வச்சேன். ஒவ்வொரு பருவமும் நான்தான் வைக்கிறேன்."

"தடைக்குக் கை தூக்கினவங்கதானே நீங்க?"

"ஆமா."

"பெட்டியச் சோதிச்சிருப்பாங்களே, எங்க வச்சீங்க?"

நலியாகா சொன்னாள். குவம்போகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறாரா கோபத்தை அடக்குகிறாரா என்று தெரியவில்லை. பிறகு, அடித்த பெண்களுக்கு என்ன தண்டனையோ அதே தண்டனை சிதாவாவுக்கும், ஒரு வாரம் வீட்டுக்குப் போகட்டும் என்றார். கமிட்டியில் இதை நலியாகாவே எழுந்து சொல்லவேண்டும் என்றார். நலியாகா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

பள்ளி வாசலில் கிட்டாலே போகிற வேன் பாதி நிரம்பி நின்றது. பின் சீட்டில் இருவரும் உட்கார்ந்தார்கள். சிதாவா மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள். நலியாகாவுக்கோ உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். மானம் போனது போகட்டும். பெண் கதை படிக்கிறாள். தான் மட்டும் படிக்காமல் விடுதி முழுக்கப் படிக்க வைத்திருக்கிறாள். கிழித்ததைக்கூட மன்னித்துவிடலாம் என்று தோன்றியது.

"சரி, சொல்லு" என்றாள். "உனக்கு எந்த இடம் பிடிச்சுது? கெணத்துல அந்த மோதிரம் கெடைக்குதே, அதா?"

"நான் படிக்கலம்மா."

"தலை மட்டுமாவது படிச்சிருப்பியே."

"எதையும் படிக்கல. இதுக்கு முன்னாடி குடுத்ததையும் படிக்கல. எல்லாத்தையும் கிழிச்சு வாடகைக்கு விட்டேன். ஒரு கட்டு வாங்குறவ சனிக்கிழமை என் துணியத் தோச்சுக் குடுக்கணும்."

மண்டாசிப் பணியாரம் விற்கிறவள் ஜன்னலோரம் வந்து நின்றுவிட்டுப் போனாள்.

"அப்போ வேண்டாம்னு சொல்லியிருக்கலாமேடி."

"எப்படிச் சொல்றது? பெட்டி அடுக்குறப்போ உன் முகத்தப் பார்க்கணும் நீ. எனக்குப் பொறந்தநாள் மாதிரி இல்ல, உனக்குப் பொறந்தநாள் மாதிரி இருக்கும். சொல்ல மனசு வரல."

"துணி தோய்க்கிற நேரத்துல அப்படி என்னதான் பண்ணுவே? தூக்கமா?"

"வாலிபால் பயிற்சி. ஏப்ரல்லயே சொன்னேன், மாவட்டப் போட்டிக்கு எடுத்திருக்காங்கன்னு. நீ கவுண்டர்ல உட்கார்ந்து படிச்சுக்கிட்டே 'ம்'னு சொன்னே. ஆகஸ்ட்ல இன்னொரு தடவை சொன்னேன். அப்பவும் 'ம்'." அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வர்ற சனிக்கிழமை ஃபைனல். இப்ப நான் வீட்டுல இருப்பேன்."

பெண் சொன்னதை நலியாகா ஞாபகப்படுத்திப் பார்க்க முயன்றாள். அந்த ஏப்ரலில் படித்த புத்தகம் ஞாபகம் வந்தது, அதன் அட்டை ஞாபகம் வந்தது. பெண் சொன்னது மட்டும் வரவில்லை.

கடைசி ஆளும் ஏறிவிட்டான். நடத்துநர் கதவை இழுத்துச் சாத்தி, கூரையில் தட்டினார். வேன் உறுமியது.

"நிறுத்துப்பா. நாங்க எறங்கணும்."

"ஏக்கா, ரெண்டு சீட்டையும் காலியாக்கிட்டுப் போனா நான் எப்பக் கெளம்புறது? இத்தனை பேரும் எவ்வளவு நேரமா உட்கார்ந்திருக்காங்க."

இந்தப் பேச்சை நிலையத்தில் எத்தனையோ பேரிடம் அவளே பேசியிருக்கிறாள். ஆட்களின் முழங்காலைத் தாண்டி, மகளை இழுத்துக்கொண்டு இறங்கினாள். முன் சீட்டுக் கிழவர் ஏதோ வைதார்.

"எங்கம்மா?" என்றாள் சிதாவா.

"வா."

பள்ளி மைதானத்தில் பெண்கள் பந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். குவம்போகா கோட்டோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். நலியாகா மூச்சிரைக்கப் போய் நின்றாள்.

"மேடம், சனிக்கிழமை மட்டும் இவ ஆடட்டும். தண்டனைய அதுக்கப்புறம் வையுங்க. ரெண்டு வாரமா வேணும்னாலும் வையுங்க. தப்பு என்னோடது."

"கமிட்டி ஆளுங்களுக்குன்னு தனிச் சட்டமா?"

"கமிட்டிய விட்டுப் போயிடுறேன்."

"நீங்க போறதால எனக்கு என்ன ஆகப்போகுது?" குவம்போகா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஒண்ணு கேக்குறேன். உங்க பொண்ணு டீம்ல என்னவா இருக்கா?"

எந்தக் கதையில் யார் யாரைக் கொன்றான், எதைக் கொண்டு கொன்றான், எந்த அத்தியாயத்தில் மாட்டினான் என்று கேட்டால் நலியாகா தூக்கத்திலும் சொல்வாள். இதற்குப் பதில் தெரியவில்லை. திரும்பி மகளைப் பார்த்தாள். மகள் உதவிக்கு வரவில்லை. அவளும் பதிலுக்காகத்தான் காத்துக்கொண்டு நின்றாள்.

"தெரியாது மேடம்" என்றாள் நலியாகா. வெட்கமாக இருந்தது.

"கேப்டன். ரெண்டு வருஷமா. இந்த மைதானத்தத் தாண்டித்தான் மீட்டிங்குக்கு வந்துட்டுப் போயிட்டிருந்தீங்க." குவம்போகா மைதானத்தைப் பார்த்தார். அங்கே ஆடுகிறவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "இவள அனுப்பிட்டு ஃபைனலுக்கு யாரக் கூட்டிட்டுப் போறதுன்னுதான் இங்க வந்து நின்னுட்டிருக்கேன். சனிக்கிழமை ஆடட்டும். ஞாயித்துக்கிழமை நீங்களே வந்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். ஒரு வாரம், ஒரு நாள் குறையாது."

சிதாவா முழுதும் கேட்டு முடிக்கவில்லை. துணிப்பையை அம்மாவின் கையில் திணித்துவிட்டு, செருப்பை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு ஓடினாள். வலைக்குப் பக்கத்தில் போய் நின்று கையை உயர்த்தி உத்தரவு போட்டாள், மற்றவர்கள் உடனே அவரவர் இடத்துக்கு நகர்ந்தார்கள். இவ்வளவு சத்தமாகத் தன் பெண் பேசி நலியாகா கேட்டதில்லை. பந்து மேலே போனது, வந்தது, யாரோ விழுந்து புரண்டு அதை எடுத்தார்கள், எல்லாரும் கத்தினார்கள். நல்லதற்குக் கத்துகிறார்களா கெட்டதற்குக் கத்துகிறார்களா என்றே அவளுக்குப் புரியவில்லை.

அவள் குனிந்து மகளின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, குவம்போகாவின் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் நெருங்கி நின்றாள்.

"மேடம்" என்றாள் மெதுவாக. "இப்ப அது நமக்குப் பாயிண்டா, அவங்களுக்கா?"