வெள்ளோட்டம்

போத்தித் துறைமுகத்துக்குக் கப்பல் வந்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. கிரேன் கூண்டுக்குள் எத்தேரி, குளிரில் மரத்த விரல்களை மடக்கி நீட்டியபடி காத்திருந்தாள். நாடு மாஸ்கோவின் பிடியிலிருந்து விடுதலை பெற்ற கையோடு, அங்கிருந்து வந்த சரக்கு நின்றுபோனது. இப்போது வெளிநாட்டு வங்கிக்காரர்கள் சிலர், இந்தத் துறைமுகம் தேறுமா என்று பார்க்க வந்திருந்தார்கள். மேலாளர் நோதார் அவர்களை அலைதடுப்புச் சுவரின் கோடிக்கு அழைத்துப் போயிருந்தார்.

காலையிலேயே அவரிடம் அவள் சொல்லிப் பார்த்தாள்.

"பிரேக் வழுக்குது ஐயா. பாரத்தோட நிக்காது."

"ஒரே ஒரு பெட்டி எத்தேரி. தூக்கி வேகன்ல வச்சிரு. கிரேன் ஓடுதுன்னு அவங்க கண்ணால பாக்கணும். இல்லேன்னா துறைமுகத்தையே பூட்டிருவாங்க."

"கீழ நிக்கிறது என் புருஷன்."

"அப்ப நீ கவனமாத்தான் தூக்குவே."

பிறகு அவள் கூண்டுக்கு ஏணியில் ஏறியபோது, கீழே நின்ற புருஷன் ஜும்பேர் சிரித்தான். "வீட்லதான் என் தலைமேல ஏறி உக்காந்திருக்கே. இங்கயுமா?" அவள் சிரிக்கவில்லை.

பெட்டி எழும்பியது. ஜும்பேர் அதன் மூலையில் கட்டிய கயிற்றைப் பிடித்து, வேகனை நோக்கித் திருப்பினான். கடற்காற்று ஒருமுறை தள்ளியது. எத்தேரி பிரேக்கை அழுத்தினாள். அது பிடித்தது, பிறகு விட்டது. பெட்டி வேகனில் இடித்துச் சரிந்து தரையில் இறங்கியது.

கயிறு தளர்ந்து கிடந்தது. ஜும்பேர் உட்கார்ந்திருந்தான். அவனுடைய வலது பாதம் பெட்டிக்கு அடியில் இருந்தது.

"தூக்கு," என்று கீழிருந்து கத்தினார்கள். "எத்தேரி, தூக்கு."

வேறு கிரேன் எதுவும் ஓடவில்லை. தூக்கினால் மறுபடி வழுக்கும். வழுக்கினால் இந்தமுறை பாதத்தோடு போகாது. ஜும்பேர் நிமிர்ந்து கூண்டைப் பார்த்தான். சரி, தூக்கு என்று தலையை ஆட்டினான்.

அவள் நெம்புகோலை இழுத்தாள்.

பெட்டி தரையை விட்டுக் கிளம்பியது. இரண்டு பேர் அவன் அக்குளில் கைகொடுத்து இழுத்தார்கள். அவன் வெளியே வந்தபின்னும் அவள் கை நெம்புகோலை விடவில்லை. பெட்டி வேகன்களுக்கு மேலே ஏறிக்கொண்டே போனது.

தூரத்தில், சுவரின் கோடியில், பெட்டி உயர்வதை மட்டும் பார்த்த வங்கிக்காரர்கள் கையுறை போட்ட கைகளைத் தட்டினார்கள். ஒருவர் கேமராவை எடுத்தார். நோதார், அப்படியே நிறுத்து என்று அவளுக்குக் கை காட்டினார்.