சுந்தரராஜுலுவின் காது

சுந்தரராஜுலு முப்பது வருஷம் பஞ்சு வியாபாரம் பார்த்தவர். பஞ்சுப் பேலிலிருந்து ஒரு பிடி பிய்த்து, விரலால் இழுத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார் என்றால் எதிரே நிற்பவன் விலையைத் தானாகவே இறக்குவான். நல்ல சரக்கிலும் குறை கண்டுபிடிப்பதுதான் தொழில். அதெல்லாம் கடையோடு சரி. வீடு தேடி வந்தவன் தன் பொருளைக் காட்டி எப்படி இருக்குதுங்க என்று கேட்டால், கோயம்புத்தூரில் பதில் ஒன்றுதான். நல்லாயிருக்குதுங்க.

அந்தப் பதில்தான் அவரை அவிநாசி ரோட்டு ஓட்டல் ஒன்றின் அரங்கில், முன்வரிசையில், சிறப்பு விருந்தினராகக் கொண்டுவந்து உட்கார வைத்தது.

போன வருஷம் திருமூர்த்தி அவர் வீட்டுக்கு வந்தான். கணபதி பகுதியில், மோட்டார் அதிராமலிருக்க ரப்பர் புஷ் வார்க்கிற பட்டறைக்காரன். பம்ப் கம்பெனிகள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டதும், ஸ்டீரியோ செட்டுக்கு அடியில் வைக்கிற ரப்பர் கால்கள் செய்ய ஆரம்பித்திருந்தான். அதிர்வைத் தடுத்தால் சத்தம் சுத்தமாகும் என்பது கணக்கு. பாட்டு கேட்பவர்கள் வட்டாரத்தில் சுந்தரராஜுலுவின் காதுக்கு ஒரு பெயர் உண்டு. அந்தக் காதிடம் ஒரு வார்த்தை வாங்கத்தான் வந்தான், கிணத்துக்கடவு இளநீர் ஒரு குலையோடு.

முதலில் ரெக்கார்டு பிளேயருக்கு அடியில் வைத்தான். அறையில் யாராவது நடந்தாலே ஊசி எகிறுகிற வியாதி அந்தப் பிளேயருக்கு. திருமூர்த்தி பக்கத்தில் நின்று குதித்துக் காட்டினான். ஊசி அசையவில்லை. சுந்தரராஜுலு மனசாரப் புகழ்ந்தார். அத்தோடு கிளம்பியிருந்தால் வம்பில்லை. அவன் ஆம்ப்ளிஃபயரையும் தூக்கி, அதற்கடியிலும் நாலு காலை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

சுந்தரராஜுலு கண்ணை மூடிக் கேட்டார். முன்னால் எப்படிக் கேட்டதோ அப்படியேதான் கேட்டது வயலின். கண்ணைத் திறந்தால் எதிரே திருமூர்த்தியின் முகம். முதல் பொருளைப் புகழ்ந்துவிட்டு இரண்டாவதற்கு உதட்டைப் பிதுக்க வாய் வரவில்லை.

"அடிச்சத்தம் தொளதொளன்னு இல்லாம ஒரு கட்டு வந்துருக்குதுங்க" என்றார்.

அந்தக் கட்டு, கால்களைப் போட்டு விற்கிற அட்டைப்பெட்டியில் அச்சாகி வந்தது, அவர் பெயரோடு. ரெக்கார்டு பிளேயர் வைத்திருப்பவர்கள் ஊரில் எத்தனை பேர்? ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள்தான் ஏராளம். பெட்டியை அவர் பார்த்தபோது திருமூர்த்தி புஷ் வார்ப்பதை விட்டுவிட்டு, குடும்பத்தோடு இந்தக் கால்களையே நம்பியிருந்தான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று சுந்தரராஜுலு நினைத்தபோதெல்லாம் இளநீர் வந்தது.

கால்களை விற்க ஏற்பாடு செய்த அந்த ஓட்டல் கூட்டத்தில், திருமூர்த்தி ஆம்ப்ளிஃபயருக்குக் கால் வைத்தும் வைக்காமலும் ஒரு வயலின் இசைத்தட்டைப் பாட விட்டான். கூட்டம் தலையை ஆட்டியது. லாஸ்யா என்ற பெண் மட்டும் எழுந்து சுந்தரராஜுலுவைப் பார்த்து நின்றாள். பல் மருத்துவம் படிக்கிறவள். இறந்துபோன அப்பாவின் செட்டை வைத்துப் பாட்டு கேட்கிறவள்.

"எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலைங்க அங்கிள். நீங்க திரும்பி உக்காந்து, கால் இருக்குதா இல்லையான்னு கேட்டே சொல்றீங்களா? எதைக் கவனிக்கோணும்னு நானும் கத்துக்குவேன்."

சவால் விட்டிருந்தால் பேரம் பேசியே தப்பித்திருப்பார். அவள் உண்மையாகவே கற்றுக்கொள்ளக் கேட்டாள். டீ குடித்துவிட்டுச் செய்யலாம் என்று ஆயிற்று.

திருமூர்த்தியே டீ கொண்டுவந்து கொடுத்தான். குனிந்து மெதுவாகச் சொன்னான். "கால் இருந்துச்சுன்னா நான் கனைக்கிறனுங்ணா. நீங்க சங்கடப்படாதீங்க."

சுந்தரராஜுலு டம்ளரைக் கீழே வைத்தார். அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

நாற்காலியை மேசைக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டார்கள். லாஸ்யா மேசையருகே நின்று சரிபார்த்தாள். கனைப்பைக் கேட்கக் கூடாது, வயலினை மட்டும் கேட்பது, தோற்றால் தோற்கட்டும் என்றுதான் சுந்தரராஜுலு உட்கார்ந்தார். உயிரைக் காதில் வைத்துக் கேட்டார். ஒன்றுமில்லை. பின்னால் ஒரு சின்னக் கனைப்பு. "இருக்குது" என்றது வாய். அடுத்த தடவை கனைப்பு இல்லை. "இல்லை" என்றார். எல்லாமே சரி. கூட்டம் கை தட்டியது. கை தட்டலில் அவருக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றவில்லை.

லாஸ்யா ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு அவரிடம் வந்தாள்.

"எங்கப்பாவுக்கு இதெல்லாம் கேட்டிருக்கும். எனக்குத்தான் காது மந்தம் போல இருக்குதுங்க. அந்தச் செட்டை யாராவது தெரிஞ்சவங்களுக்கே குடுத்தரலாமான்னு இருக்குது."

அந்தக் கூடத்தில் பொய் சொல்லாத காது அவளுடையது ஒன்றுதான். அதை அவளிடம் சொல்ல அரை நிமிஷம் போதும். நாலடி தள்ளித் திருமூர்த்தி அடுத்த பெட்டிக்கு பில் போட்டுக்கொண்டிருந்தான். சுந்தரராஜுலுவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். அதில் அவர் பெயர் இருந்தது.

"கேக்கக் கேக்க வரும் அம்மணி" என்றார்.

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

திருமூர்த்தி அவரைத் தன் காரில் வீட்டுக்குக் கூட்டிப் போனான். லட்சுமி மில் சிக்னலில் நிற்கும்போது அவர் கேட்டார், எப்போதிலிருந்து தெரியும் என்று.

"அன்னைக்கேங்ணா" என்றான் அவன், ரோட்டைப் பார்த்தபடி. "எனக்கும் ஆம்ப்ளிஃபயர்ல வித்தியாசம் ஒண்ணும் கேக்கலீங்க. நீங்க பெரியவங்க, கட்டு வந்துருக்குதுன்னு சொல்லிப்போட்டீங்க. இல்லீங்கன்னு நான் எப்படிங்க சொல்றது?"

அவருக்குக் காதுமடல் சுட்டது. பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, திருமூர்த்தி இறங்கி வந்து கதவைத் திறந்துவிட்டான். டிக்கியிலிருந்து இளநீர்க் குலையை எடுத்து வாசல் கேட் ஓரமாக வைத்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டில் இதே மாதிரி ஒன்று ஏற்பாடாகியிருக்கிறதாம்.

"உங்களுக்குச் சிரமம் இல்லீன்னா வாங்ணா."

சிரமம் என்ற வார்த்தையை அவனே எடுத்துக் கையில் கொடுத்திருந்தான். திருப்பிச் சொன்னால் போதும். சுந்தரராஜுலு குலையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"வாரேனுங்க" என்றார்.