பத்திலேயே நின்ற பக்கம்

அலுவலகத்திலிருந்து போகும் ஒவ்வொரு மெயிலையும் பத்து நிமிடம் பிடித்துவைத்துப் பிறகு அனுப்பும் சின்ன ஆட்-இன் நிரல் ஒன்றை ஆறு வருடத்துக்கு முன் அவள் எழுதியிருந்தாள். கோபத்தில் எழுதியதைத் திரும்ப எடுக்க அந்தப் பத்து நிமிடம் பலருக்குக் கைகொடுத்தது. இப்போது, அவரவர் நேரத்தை அவரவரே மாற்றிக்கொள்ள ஒரு செட்டிங்ஸ் பக்கம் வேண்டும் என்றார் மேலாளர். வெள்ளிக்கிழமைக்குள் அது ஓடினால் அவளுடைய ஒப்பந்தத்தை நீட்டிக்கப் பேசிப் பார்ப்பதாகவும் சொன்னார். ஐம்பத்தொரு வயதில் இன்னோர் இடத்தில் இண்டர்வியூவுக்குப் போய் உட்கார அவளுக்குத் தெம்பில்லை. உட்கார்ந்தாலும் யார் எடுப்பார்கள்?

பக்கம் வந்துவிட்டது. பத்து என்றிருந்த கட்டத்தில் இரண்டு என்று போட்டு ஓகே கொடுப்பாள். திரும்பத் திறந்தால் பத்தே சட்டமாக உட்கார்ந்திருக்கும். மூன்று நாளாக இதே கதை.

"அக்கா, அப்படி முறைக்காதீங்க. அந்தப் பத்து பயந்துபோய் ஒண்ணாயிடப் போகுது" என்றான் பக்கத்து இருக்கைக்காரன். எந்நேரமும் வாயைப் பிளப்பதால் அவனுக்குக் கொட்டாவி என்று பெயர்.

"ஒண்ணானாலும் பரவாயில்லடா. மாறுனாப் போதும்."

வியாழக்கிழமை மத்தியானம்தான் பிடிபட்டது. எண்ணைச் சேமிக்கும் நிரல் வரிகளில் தப்பே இல்லை; அவற்றை யாரும் கூப்பிடவேயில்லை. கட்டத்தில் எண் மாறியதும் செட்டிங்ஸ் பக்கம்தான் மெயில் மென்பொருளுக்குத் தகவல் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், ஒன்றும் மாறவில்லை என்று முடிவுகட்டி அது பாட்டுக்கு மூடிவிடும். ஒரே ஒரு வரி. சேர்த்தாள். ஓகே கொடுத்துத் திறந்தாள். இரண்டு.

கொட்டாவி எழுந்தே நின்றுவிட்டான். "அடேங்கப்பா! போய்க் காட்டுங்கக்கா, சூடு ஆறுறதுக்குள்ள."

மேலாளர் அவளைவிடப் பதினைந்து வயது இளையவர். தானே ஐந்து என்று போட்டு, மூடித் திறந்து பார்த்தார்.

"பிரமாதம் மேடம். ஆனா..." மௌஸிலிருந்து கையை எடுத்தார். "நேத்து தலைமை ஆபீஸ்ல இருந்து உத்தரவு வந்துடுச்சு. அடுத்த மாசம் எல்லா மெஷின்லயும் புது மெயில் சாஃப்ட்வேர் போடுறாங்க. அதுல இந்த மாதிரி ஆட்-இன் எதுவும் ஏறாதாம்."

"புதுசுக்கு ஏத்த மாதிரி எழுதித் தரேன் சார்."

"கேட்டுப் பார்த்துட்டேன். தாமதமா அனுப்புற வசதி அதுலயே இருக்காம்."

"நேத்தே சொல்லியிருக்கலாமே சார்."

"நீங்க மும்முரமா இருந்தீங்க" என்றார் மேசையைப் பார்த்தபடி. "முப்பதாம் தேதியோட ஒப்பந்தம் முடியுது. அதுக்குள்ள ஒரு சின்ன வேலை. பழைய ஆட்-இன்னை எப்படிக் கழட்டுறதுன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுத்துடுங்க. நாப்பது மெஷின் இருக்கு, ஆளாளுக்கு ஏடாகூடமா எதையாவது பிடுங்கிடுவாங்க."

"சரி சார்" என்று வாயில் வந்துவிட்டது.

"என்னக்கா சொன்னாரு?" என்றான் கொட்டாவி, அவள் இருக்கைக்குத் திரும்பியதும்.

"நல்லாயிருக்காம்."

புதிய கோப்பு ஒன்றைத் திறந்தாள். முதலில், காத்திருக்கும் மெயில் எல்லாம் போய்விட்டதா என்று பார்க்கவும் என்று தட்டினாள். பார்க்காமல் கழற்றினால் அவை யாருக்கும் போகாமலே தொலைந்துவிடும். அந்த வரியைத் தடித்த எழுத்தாக்கிவிட்டு, அடுத்ததற்குப் போனாள்.