நான்காவது அடுக்கு

மெத்தைக்காரர் வாயைத் திறப்பதே அபூர்வம். ஆயுளில் பாதியை பஸ் இருக்கைகளுக்கு உறை தைத்தே கழித்தவர். கடையை மூடிய பிறகு வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல், ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கு இலவசமாகப் போர்வை தைத்துக் கொடுக்கும் பெண்கள் கூட்டத்தில் சேர்ந்துகொண்டார். பாத்திரக்கடை மாடியில் ஒரு நீள அறை. மேலே வண்ணத் துண்டுகளை இணைத்த துணி, நடுவில் பஞ்சு, அடியில் முழுத்துணி. மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைத்தால் ஒரு போர்வை.

மற்றவர்கள் சாதாரண நூலில் தைக்க, அவர் மட்டும் மெழுகு பூசிய தடிநூலில் தைத்தார். ஒவ்வொரு தையலுக்கும் ஒரு முடிச்சு.

"அண்ணே, நோயாளி குணமாகி வீட்டுக்குப் போயிடுவாரு. உங்க போர்வை ஆஸ்பத்திரியையே தாங்கிப் பிடிச்சிட்டு நிக்கும்" என்பார் பாட்டு டீச்சர். கூட்டத்துக்குத் தலைவி அவர்தான்.

மெத்தைக்காரர் அடுத்த முடிச்சைப் போடுவார். அந்த வாரம் பேச்சு இன்னும் குறைந்தது. அவர் மனைவியின் அண்ணன் அதே ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். மறுநாள் காலையில் நெஞ்சில் ஆபரேஷன். மச்சான்கள் இருவரும் ஒன்றாகக் கடை நடத்தியவர்கள். ஒருநாள் வாடிக்கையாளர்கள் முன்னால் மச்சான், "எங்காளு தச்ச சீட்டு கிழியவே கிழியாது. ஆனா அதுல உக்காரத்தான் முடியாது" என்று சொல்லிவைக்க, கடையே சிரித்தது. அன்றோடு பேச்சு நின்றது. முதல் மாதம் கோபத்தில் பேசவில்லை. அப்புறம் கோபம் எப்போதோ போய்விட்டது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாததால் பேசவில்லை. இரண்டாவது மௌனம் முதலாவதைவிடக் கனமானது.

"நாளைக்கு ஏதாவது ஆயிட்டா என்ன பண்ணுவீங்க?" என்று அன்று காலை மனைவி கேட்டாள். அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் வந்து உட்கார்ந்தார்.

போர்வையை மடியில் விரித்துத் தைத்தார். யாருக்கு என்று சொல்லவில்லை. "இது மட்டும் நெஞ்சு நோய் வார்டுக்குப் போகணும்" என்று டீச்சரிடம் சொன்னார். போர்வை போய்ச் சேர்ந்தால் போதும், மனிதன் போக வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டிருந்தார்.

கீழே, போர்வைகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகும் வேன் ஹாரன் அடித்தது. கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு எழுந்தார். போர்வையும் எழுந்தது. உதறினார். கால்சட்டை இழுத்தது. அடித்துணியும் கருநீலம், கால்சட்டையும் கருநீலம்; மூன்று அடுக்கோடு நான்காவதாகக் கால்சட்டையின் இரண்டு தொடைப் பக்கங்களையும் சேர்த்துக் கச்சிதமாகத் தைத்திருந்தார்.

அறையே வெடித்துச் சிரித்தது.

"அண்ணே, நோயாளிக்குக் கால்சட்டையும் சேர்த்துக் குடுக்கறதா?" என்றார் டீச்சர்.

"பிரிங்க!" என்றார் அவர், முகம் சிவந்து.

டீச்சர் கத்தரியின் முனையை விட்டுப் பார்த்தார். முடிச்சு அசையவில்லை. "இதைப் பிரிக்க நாளைக்குச் சாயங்காலம் ஆகும். வெட்டினா போர்வையும் சேர்ந்து கிழியும். கால்சட்டையைக் கழட்டிக் குடுங்க, இந்த ஜன்னல் திரைச்சீலையைக் கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போங்க."

திரைச்சீலை முழுக்கப் பெரிய பெரிய சூரியகாந்திப் பூ. மெத்தைக்காரர் அதைப் பார்த்தார். வேனைப் பார்த்தார்.

"நானே வரேன்" என்றார்.

வழியில் பிரித்துவிடலாம் என்பது எண்ணம். வேன் குலுங்கிய குலுங்கலில் ஊசி துணியில் இறங்காமல் தொடையில்தான் இறங்கியது. வேன்காரர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, "சார், நீங்களும் டெலிவரியா?" என்றார்.

வார்டு வாசலில் கால் நின்றுவிட்டது. போர்வையை இடுப்போடு சுருட்டிப் பிடித்தபடி, உள்ளே போகாமல் திரும்பிவிடலாமா என்று யோசித்தார். அதற்குள் ஒரு நர்ஸ், "போர்வை வந்தாச்சா? அந்த ஜன்னல் பக்கத்துக் கட்டில் தாத்தாவுக்குக் குளுருதாம்" என்று போர்வையின் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். வேறு வழியில்லாமல் மெத்தைக்காரரும் பின்னாலேயே போனார்.

கட்டிலில் மச்சான். பாதியாக இளைத்திருந்தார். நர்ஸ் போர்வையை அவர் மேல் போட்டார். போர்வையோடு மெத்தைக்காரரும் கட்டில் ஓரத்தில் போய் விழுந்தார்.

மச்சான் போர்வையைப் பார்த்தார். தையலைப் பார்த்தார். அது போய் முடிகிற இடத்தைப் பார்த்தார். வயிறு குலுங்க ஆரம்பித்தது.

"சிரிக்காதீங்க, நெஞ்சுக்கு ஆகாது!" என்று நர்ஸ் பதறினார்.

"இவன் தச்சதும்மா. என் மச்சான்" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "டேய், வர்றதுக்கு உனக்கு வேற வழியே கிடைக்கலியாடா?"

மெத்தைக்காரர் வேனில் வரும்போது மனதில் அடுக்கி வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றும் கைக்கு அகப்படவில்லை. "ரொம்பக் குளுருதா?" என்று மட்டும் கேட்டார்.

"இப்ப இல்ல."

நர்ஸ் எங்கிருந்தோ பெரிய கத்தரிக்கோல் ஒன்றைக் கொண்டுவந்தார். "ஓரமா வெட்டிவிட்டுடறேன் சார். கால்சட்டையில ஓட்டை விழும், பரவாயில்லையா?"

மச்சான் கையை நீட்டித் தடுத்தார். "வெட்டாதீங்க சிஸ்டர். வெட்டினா இவன் ஓடிப்போயிடுவான்."

"பார்வையாளர் நேரம் முடியப் போகுதே!"

"இவன் பார்வையாளர் இல்லம்மா. போர்வை."

நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கத்தரிக்கோலோடு அடுத்த கட்டிலுக்குப் போனார். மச்சான் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். மெத்தைக்காரர் ஒரு சாண் நகர்ந்தார். மச்சான் இன்னும் கொஞ்சம் இழுத்தார். இன்னும் ஒரு சாண்.

"செருப்பைக் கழட்டுடா" என்றார் மச்சான்.

மெத்தைக்காரர் கழற்றினார்.