இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை

ஆடிட்டுக்கு நான்கு நாள்தான் இருந்தது. தரச்சான்றிதழ் வாங்கியே தீர வேண்டுமென்று கோவையின் அந்தத் தனியார் மருத்துவமனை நிர்வாகம் ஒற்றைக்காலில் நின்றது. ஆண்கள் வார்டு நர்ஸ் பிரவீனாவின் தலையில் பதினெட்டு ஃபைல்கள் விழுந்தன. கை கழுவியதற்கு ஒன்று, குப்பைக்கூடைகளின் நிறத்துக்கு ஒன்று. ஒரு வருடமாகக் காலியாகக் கிடந்த கட்டங்களை நிரப்ப வேண்டும்.

அதே வாரம்தான் காங்கேயத்திலிருந்து மாரப்பனைக் கொண்டுவந்தார்கள். எண்ணெய் மில்லில் மூட்டை சுமந்தவர். பக்கவாதத்தில் இடப்பக்கம் விழுந்துவிட்டது. படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கச் சொல்லி டாக்டர் எழுதினார். முதல் நாள் பிரவீனா தவறாமல் செய்தாள்.

மறுநாள் அவர் மனைவி நாச்சியம்மாள் மேசையருகே வந்து தயங்கி நின்றார்.

"ஏனுங்க சிஸ்டர், அவரத் திருப்பிப் படுக்க வெக்கோணுமுங்களே?"

"இதோ வாரேனுங்கம்மா. இந்தப் பக்கத்த முடிச்சுபோட்டு வாரேன்."

"நானு வேணாத் திருப்பட்டுங்களா?"

"ஐயோ, நீங்க தொடாதீங்கம்மா. டியூப்பெல்லாம் இருக்குது."

எப்படித் திருப்புவதென்று காட்டிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். பிரவீனா எழுந்திருக்கப் பார்த்தாள். வார்டு இன்சார்ஜ் மெஹராஜ் நிமிராமலே சொன்னார்: "மொதல்ல ஃபைல் பிரவீனா. மத்ததெல்லாம் அப்புறம்."

பிரவீனா உட்கார்ந்துவிட்டாள். எழுதுகிற வேகத்தில், திருப்பாமலே மாரப்பனின் சார்ட்டிலும் இரண்டு மணிநேரத்துக்கொரு டிக் போட்டாள். அடுத்த இரண்டு நாளும் அப்படியே போயின.

ஆடிட்டுக்கு வந்த அதிகாரி அவள் கையெழுத்து அழகாக இருப்பதாகச் சொன்னார். சான்றிதழ் உறுதியானது. கேக் வெட்டினார்கள்.

அன்று மாலை படுக்கைவிரிப்பை மாற்றும்போது நாற்றமடித்தது. மாரப்பனின் இடுப்புக்குக் கீழே உள்ளங்கையளவு தோல் கறுத்து, நடுவில் குழி விழுந்திருந்தது. சீழ் ரத்தத்தில் கலந்து, வந்து சேர்ந்த ஒன்பதாம் நாள் அவர் இறந்துபோனார்.

டாக்டர் சார்ட்டைப் புரட்டினார். "திருப்புனதெல்லாம் கரெக்ட்டா இருக்கு. சர்க்கரை வேற இருந்துச்சு, அதான்." பக்கத்திலேயே நின்றிருந்த பிரவீனா சார்ட்டை வாங்கி மூடிவைத்தாள்.

ஆம்புலன்ஸ் ஏறும்முன் நாச்சியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க மேல குத்தமில்லீங்க கண்ணு. நீங்களும் எத்தன வேலையத்தான் பாப்பீங்க? நாந்தான் திருப்பியிருக்கோணும். தொட்டா என்னமோ ஆயிருமோன்னு சும்மா உக்காந்துபோட்டேன். நானே அவரக் கொன்னுபோட்டனுங்க."

"அழாதீங்கம்மா" என்றாள் பிரவீனா.