நீதிமான்களுக்கு ஒரு தாழ்ப்பாள்

அன்று மாலை வேதபாடத்தில் கதவுப் பொறுப்பு தையல்காரியுடையது. போன வாரம் ஒரு கூட்டம் வந்து கல்லெறிந்து ஜன்னல்களை உடைத்த பிறகு, மாடியறைக் கதவைத் தாழிட்டுத்தான் பாடம். இரண்டு தட்டு, சற்று நிறுத்தி ஒரு தட்டு என்றால் நம் ஆள். வேறு எப்படித் தட்டினாலும் திறக்கக் கூடாது.

அன்றைய வசனம் பைபிளில் ஏசாயா புத்தகத்தில் இருந்தது. நீதியுள்ள ஜனம் உள்ளே வரட்டும், வாசல்களைத் திறந்துவிடுங்கள் என்கிறது.

"இது பரலோக வாசல்," என்றார் போதகர். "கடைசி நாள்ல விசுவாசத்தைக் காத்துக்கிட்டவங்களுக்குத் திறக்கும்."

"அந்நிய தேசத்துச் சிறையிருப்புல இருந்து ஊர் திரும்பின ஜனத்துக்குச் சொன்னதுங்க ஐயா," என்றார் கம்பவுண்டர்.

"ரெண்டுமில்ல, மனசு வாசல்," என்றாள் டீச்சர்.

"உங்க மனசுக்கு எத்தனை பூட்டு டீச்சர்?" என்று சீண்டினார் கம்பவுண்டர்.

எல்லோரும் சிரித்தார்கள். தையல்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. திறக்கச் சொன்னது யாரிடம்? வாசலில் நிற்பவளிடம்தானே?

அப்போது கதவு படபடவென்று அதிர்ந்தது.

"அக்கா, நான்தான், தச்சன்! திறங்க!"

அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொடுத்தவனே அவன்தான். ஆனால் கல்லெறிந்த கூட்டத்தில் அவனைப் பார்த்ததாகக் கம்பவுண்டர் நேற்று சொல்லியிருந்தார்.

"திறக்காதம்மா," என்றார் கம்பவுண்டர். "பின்னாடி ஆளுங்க இருப்பாங்க."

அவள் கதவருகே குனிந்தாள். "போன வாரம் அந்தக் கூட்டத்துல நீ இருந்தியா?"

"இருந்தேன்க்கா. எறியல. தடுக்கவும் இல்ல." அவனுக்கு மூச்சு இரைத்தது. "உங்களுக்கு வேலை செஞ்சேன்னு இப்ப என்னையும் தேடுறாங்க. தெருமுனைக்கு வந்துட்டாங்க. இந்தத் தாழ்ப்பாள் தாங்காதுக்கா! யாராச்சும் பாத்துடுவாங்களோன்னு பயந்து, நாலு ஸ்க்ரூல ரெண்டுதான் போட்டுட்டு ஓடினேன்."

அவள் பார்த்தாள். இரண்டு துளைகள் காலியாக இருந்தன. ஒரு வாரமாக இதை நம்பியா உட்கார்ந்திருந்தோம்? போதகரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் விரல் வசனத்தின் மேலேயே இருந்தது.

இவன் நீதிமானா? அவளுக்குத் தெரியவில்லை. தாழ்ப்பாளை இழுத்தாள்.

தச்சன் உள்ளே வந்து விழுந்தான். அவள் கதவைச் சாத்தி மறுபடி தாழிட்டாள். அவன் பையைக் கொட்டித் திருப்புளியை எடுத்தான். அவசரத்தில் ஒரு திருகாணி உருண்டோடியது. கம்பவுண்டர் மண்டியிட்டு, பெஞ்சுக்கடியில் துழாவி அதை எடுத்துக் கொடுத்தார்.

மூன்றாவது இறங்கியது. நான்காவது பாதியில் இருக்கும்போது மாடிப்படியில் காலடிகள் கேட்டன. ஒன்றிரண்டு அல்ல, நிறைய.

"சீக்கிரம் தம்பி," என்று தையல்காரி கதவுக்குத் தோள் கொடுத்தாள். அவள் பக்கத்தில் டீச்சரும், பிறகு போதகரும் வந்து சாய்ந்தார்கள்.

இன்னும் இரண்டு சுற்று பாக்கி. முதல் உதை விழுந்தது.