இருபது கேலன்

...முப்பது கேலன் ஹீட்டரும் நுழைந்திருக்கும், அதுதான் உண்மை, அளவுநாடா பிடித்துப் பார்த்துவிட்டுத்தானே கடைக்குப் போனாள், இரண்டு விரல் இடைவெளிகூட மிஞ்சியிருக்கும், பிறகு ஏன் ஓட்டிஸிடம் இடம் பத்தாது என்று சொன்னாள் நோரீன்? பக்கத்து டிரெய்லர் வீட்டுக்காரன், பாவம், தன் வண்டியிலேயே அவளை ஏற்றிக்கொண்டு மலையிறங்கிக் கடைக்கு வந்தவன், அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டினான். கடைக்காரன்தான் விடவில்லை, இது டிரெய்லர் வீட்டுக்கென்றே செய்த ஹீட்டர்தான், மின்சாரத்தில் ஓடுவதுதான், எல்லாம் சரி, ஆனால் இருபது கேலன் ரொம்பச் சின்னது, ஒரு குளியலோடு தீர்ந்துவிடும், "வீட்டுல எத்தனை பேரும்மா?" என்று கேட்டான். ஒருத்தர்தான், என்றாள். யோசிக்காமல் வந்த வார்த்தை. ஓட்டிஸ் அப்போது குழாய் பார்த்துக்கொண்டு நின்றான், காதில் விழவில்லை, விழுந்திருந்தாலும் சும்மா இருந்திருப்பான். ஒருத்தர் என்றால் யார்? அவளா, அப்பாவா? இரண்டு பேரில் யாரை அந்தக் கணத்தில் அழித்தாள்... இப்போது டிரெய்லரின் வெளிப்பக்கம், நவம்பர் சேற்றில் ஒரு அட்டையை விரித்து முழங்காலிட்டுக்கொண்டு, ஹீட்டர் அலமாரியிலிருந்து கழற்றி வைத்த தகரப் பலகைக்குப் பக்கத்தில், விரல்கள் மரத்துப்போக, அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

பழைய ஹீட்டர் எப்போதிலிருந்து ஒழுகியதோ தெரியவில்லை. அடியில் இருந்த தரை ஊறவைத்த ரொட்டி மாதிரி உப்பிப்போயிருந்தது, கைவைத்தால் பிய்ந்து வந்தது. அதைப் பிய்த்தெறிந்து, புதுப் பலகை அறுத்துப் பொருத்தி, அதன்மேல் தகரத் தட்டு வைத்து, இத்தனையும் அவளே செய்தாள். தொட்டியைத் தூக்கி உள்ளே நிறுத்த மட்டும் ஓட்டிஸ் கைகொடுத்துவிட்டு ஷிப்டுக்கு நேரமாகிறது என்று போய்விட்டான். அலமாரிக்கு அந்தப் பக்கம் அப்பா கிளைடின் அறை, நடுவில் இருப்பது விரலால் தட்டினால் அதிரும் ஒரு பலகை, அதனால் கிளைட் படுத்த இடத்திலிருந்தே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வாதம் வந்து இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, கிள்ளினாலும் தெரியாது, வாய் மட்டும் விழவில்லை. "என்னடி உருட்டிட்டு இருக்கே, வீட்டைக் கொளுத்தப் போறியா?" இல்லப்பா. "கரண்டை நிறுத்தினியா? நிறுத்தாம கைய வச்சுச் செத்துத் தொலைஞ்சேன்னா எனக்கு யாரு சோறு போடறது?" நிறுத்திட்டேன்பா. "ராய்ஸ் இருந்திருந்தா இந்நேரம் குளிச்சு முடிச்சு நான் தூங்கியே இருப்பேன்." ராய்ஸ். ஒஹாயோவில் இருக்கிற தம்பி, கிறிஸ்துமஸுக்குப் போன் போட்டு, அப்பாவை நல்லா பாத்துக்கோ நோரீன் என்று சொல்லிவிட்டு வைக்கிறவன், ஒரு ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருகுவது என்றுகூட அவனுக்குத் தெரியுமோ என்னவோ... "அவன் கை மாதிரி வருமா? உன் கை உங்கம்மா கை. தொட்டதெல்லாம் விளங்காது." தொடர்ந்து தகர டப்பாவுக்குள் புகையிலை எச்சிலைத் துப்பும் சத்தம். துப்பியது பாதி போர்வையில்தான் விழுந்திருக்கும், அதையும் அவள்தான் துவைக்க வேண்டும்.

விளங்காத கை சுடுதண்ணீர்க் குழாயை இறுக்கியது, பச்சைத்தண்ணீர்க் குழாயை இறுக்கியது. அவள் சிறுமியாக இருந்தபோதெல்லாம் ஹீட்டரில் பெரிய தொட்டி, இந்தத் தொட்டி மாதிரி இரண்டு இருக்கும், அதையும் அப்பா ஒருவரே காலிசெய்வார். அவர் வேலை பார்த்த சின்னச் சுரங்கத்தில் குளிக்க இடம் கிடையாது, முகம் முழுக்க நிலக்கரியோடு வீட்டுக்கு வருவார், கண் மட்டும் வெள்ளையாகத் தெரியும், நேரே குளியலறை, அதன்பிறகு அம்மா, அதன்பிறகு ராய்ஸ், கடைசியில் அவள். கடைசியில் என்றால் பச்சைத்தண்ணீர். அது ஒன்றும் பெரிய கொடுமை இல்லை, எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஆனால் பள்ளிக்கூடத்தில் போட்டோ எடுக்கிறார்கள் என்று ஒருநாள் மாலை தலைக்கு ஊற்றிக்கொண்டாளே, இரண்டு முறை நுரை வைத்து, பதினொரு வயசு, தண்ணீர் தீருமென்று தோன்றவே இல்லை... அப்பா வந்தார், குழாயைத் திறந்தார், மூடினார். கத்தவில்லை. கத்தியிருக்கலாம். குளியல் தொட்டியில் கழுத்துவரை பச்சைத்தண்ணீர் நிரப்பி, ஏறி உட்காரு என்றார், நான் சாப்பிட்டு வர்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. கதவைத் திறந்தே வைத்திருந்தார். பீன்ஸும் சோள ரொட்டியும். அம்மா இரண்டாவது தடவை பரிமாறினாள், மூன்றாவது தடவையும் பரிமாறினாள், ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ராய்ஸ் சிரித்தான், சின்னப் பையன், எல்லாரும் பேசாமல் இருந்ததால் பயத்தில் சிரித்திருப்பான். போட்டோவில் அவள் உதடு வீங்கியிருக்கும், கடித்துக்கொண்டே இருந்ததால். அப்பா அதைப் பார்த்து, கழுதைக்குத் தலைசீவினா மாதிரி இருக்கு என்றார்.

"முடிஞ்சுதா இல்லியாடி?" தண்ணி ரொம்பணும்பா. தொட்டி நிரம்புவதற்குள் கரண்டைப் போட்டால் உள்ளிருக்கும் கம்பி காய்ந்து எரிந்துபோகும், அந்தத் தப்பை அவள் செய்யமாட்டாள். சமையலறைக்குப் போய்ச் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள், காற்றுதான் முதலில் வந்தது, இருமிற்று, காறிற்று, அப்பாவைப் போலவே, பிறகு விட்டுவிட்டு, பிறகு ஒழுங்காக ஊற்றத் தொடங்கியது. திரும்ப வெளியே வந்து, கரண்ட் போடுவதற்கு முன்னால், சூட்டை வைக்கும் திருகைப் பார்த்தாள். நடுவில் வைத்து அனுப்பியிருந்தார்கள். சின்னத் தொட்டி என்றால் சூட்டைக் கூட்டி வைப்பார்கள், கொதிக்கிற தண்ணீரோடு பச்சைத்தண்ணீரைக் கலந்தால் இரண்டு பேருக்கு வரும், இது யாருக்கும் தெரிந்த விஷயம், ஓட்டிஸே அப்படித்தான் வைத்திருக்கிறான். அதற்காகத்தான் கடைசிக் கோடுவரை திருகினாள். அதற்காகத்தான். யாரும் கேட்கவில்லை, இருந்தும் அவளுக்கே இரண்டு தடவை சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

சாயங்காலம் அவரைச் சக்கர நாற்காலியிலிருந்து தூக்கிக் குளியல் தொட்டிக்குள் இருந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்காரவைத்தாள். "முதல் தண்ணி எனக்குத்தானே?" உங்களுக்குத்தான்பா. எப்போதும்போல அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார், மகள் முன்னால் துணியில்லாமல் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் அவருக்குப் பேச்சு குறைந்துவிடும், இமைகள் துடிக்கும், அந்த ஒரு நேரத்தில் அவரைப் பார்த்தால் யாருக்கும் இரக்கம் வரும். கையில் பிடிக்கும் ஷவரைத் திறந்தாள். முதலில் குளிர்ந்தே வந்தது, மெதுவாக வெதுவெதுத்தது, கண்ணாடியில் ஆவி படிந்தது. தொடைமேல் கிடந்த அவருடைய கையில் தண்ணீரைப் பிடித்தாள். எந்தக் கை என்று பார்த்துத்தான் பிடித்தாளா? இடது கை. "இன்னும் சூடாகலையாடி?" ஆயிட்டு வருதுப்பா. "என்னத்த மாட்டினியோ... தெரியும் எனக்கு." தோல் ரோஜா நிறமானது, அதைத் தாண்டிச் சிவந்தது, புறங்கையின் சுருக்கங்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன, அவர் கண்ணை மூடிக்கொண்டு குளிருக்குத் தோளைக் குறுக்கியபடி காத்துக்கொண்டிருந்தார். அவளுடைய இன்னொரு கை பச்சைத்தண்ணீர்க் குழாயின் மேல்தான் இருந்தது, முதலிலிருந்தே அங்கேதான் இருந்தது. "ஆச்சா?" இதோ ஆச்சுப்பா.

அப்புறம்தான் திருப்பினாள். பதமாகக் கலந்து, வலது தோளில் ஊற்றினாள், அவர் உடம்பு முழுக்க ஒருமுறை தளர்ந்தது, தலை பின்னால் சாய்ந்தது. "ஆ... இது. இதுதான். பரவாயில்லடி நோரீன், நல்லாத்தான் பண்ணியிருக்கே." இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. முதுகுக்குச் சோப்புப் போட்டாள், கழுத்துக்குப் போட்டாள், இடது கையை ஈரத்துண்டால் சுற்றி மடியில் வைத்தாள், அது உள்ளே கொப்புளமாக எழும்பிக்கொண்டிருக்கும், நாளைக்கு அப்பாவைப் பார்க்க நர்ஸ் வந்தால் புது ஹீட்டர், தெரியாமல் போய்விட்டது என்று சொல்லலாம், நம்புவாள், யாரும் நம்புவார்கள். அதுவல்ல இப்போது அவளை உறுத்தியது. இத்தனை காலமும், என்றைக்காவது தன் கையில் ஒரு நேரம் வரும், அன்றைக்கு உள்ளே இருப்பதெல்லாம் பொங்கிக்கொண்டு வரும் என்று நினைத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. பாத்திரம் நிரம்பிவிட்டதா என்று பார்ப்பதுபோலத்தான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்... கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது, கோபமென்றால் தணியும். "நிறுத்தாதேடி," என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல், "இன்னும் கொஞ்சம் ஊத்து."